தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது

எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய்க்கு இரண்டு அலமாரிகள் உண்டு. ஒன்றில் பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கும், மற்றதில் சிவப்பு. மாத்திரையோ மாத்திரைப் பொடியோ படக்கூடிய இடத்துக்குப் பச்சை அலமாரி எண்ணெய் மட்டும்தான் போக வேண்டும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, தவறி வாய்க்குள் போனாலும் பெரிய கெடுதல் இல்லை. மோட்டார், சங்கிலி, வாசல் கேட், தள்ளுவண்டிச் சக்கரம், இவற்றுக்கெல்லாம் சிவப்பு. இரண்டு அலமாரிகளின் சாவியும் பராமரிப்புப் பிரிவு இன்ஜினியரான என்னிடம் இருக்கும். பதினோரு வருடமாக அந்தச் சாவிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த காரியம் தெரியாமல் செய்தது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான்.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கல்யாணம் ஆன கையோடு ஹைதராபாத்துக்கு வந்து, மாரெட்பள்ளியில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கீழ்த் தளத்தில் இருக்கும் அக்காவின் குடும்பம் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இரண்டு தலைமுறைக்கு முன்பே இங்கு வந்தது. அவர் தமிழில் பாதி உருது கலந்திருக்கும். கணவர் இறந்த பிறகு வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கொடுக்கத் தொடங்கினார். சுற்றுவட்டாரத்தில் முப்பது, முப்பத்தைந்து தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் எங்களைப் போல வேலைக்காக வந்தவர்கள், அந்த மாவை நம்பித்தான் வார இறுதியை ஓட்டுகிறோம். போனில் ஒரு மாவுக் குழு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதில் பெயர் கொடுத்தால் சனிக்கிழமை சாயங்காலம் தூக்குப்போசி நிறைய மாவு வாங்கி வரலாம்.

போன நவம்பரில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் சென்னை போய்விட்டார். அந்த ஒரு மாதமும் ஊற வைத்து, மிக்ஸியில் அரைத்து, கல் மாதிரி இட்லி தின்று நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அவர் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். குழுவில் மளமளவென்று பெயர்கள் விழுந்தன. அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கிரைண்டர் குழவி வர மாட்டேங்குதும்மா. ஒரு மாசம் ஈரத்தோட மூடி வெச்சுட்டுப் போயிட்டேன். திருகு புடிச்சுக்கிச்சு. நாளைக்கு முப்பது வூட்டுக்கு மாவு போகணும், ஹவ், தெரியுமில்ல?"

அவரிடம் இருப்பது ஹோட்டல்களில் இருக்கிற மாதிரி பெரிய கிரைண்டர். குழவிக்கல்லை மேலிருந்து ஒரு இரும்புக் கை பிடித்திருக்கும். அந்தக் கையை ஒரு திருகு இறுக்கியிருக்கும். திருகைக் கழற்றினால்தான் குழவியைத் தூக்கிக் கழுவ முடியும். உப்புக் கலந்த மாவுத் தண்ணீர் திருகின் மரைக்குள் இறங்கி ஒரு மாதம் தூங்கியிருக்கிறது. திருகும் கையும் ஒரே துண்டாகிவிட்டிருந்தன.

"கிரைண்டர் ஊர்ப் பொண்ணு, மெஷின் படிச்ச பொண்ணு. உன்னை உட்டா யாரு இருக்கா எனக்கு?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

துருப்பிடித்த திருகுக்கு எந்த எண்ணெய் என்பது என் தொழில். வீட்டில் எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கனமானவை. மேலேயே பளபளவென்று உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. துருப்பிடித்த மரையில் முடி நுழையவும் இடம் இருக்காது. அதற்குள் தானாக ஊர்ந்து போகிற அளவு நீர்த்த எண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய் போகும், நாற்றமும் கூடவே போகும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தோடு கியர் ஆயிலைக் கலந்து விட்டால் எதுவும் கழன்றுவிடும் என்று சத்தியம் செய்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அது உண்மைதான், ஆனால் மாவு அரைக்கிற சாமானுக்கு அது கூடவே கூடாது. சாப்பாடு படுகிற இடத்துக்கு வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. தேங்காய் எண்ணெய். அதைச் சூடு பண்ணி, திருகைச் சுற்றி வெந்நீர்த் துணியைக் கட்டி, இரண்டு சொட்டு விட்டு, லேசாகத் தட்டி, காத்திருந்து, மறுபடி இரண்டு சொட்டு. காலையில் கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று ஆட்டினால் வந்துவிடும். வராவிட்டால் தொழிற்சாலையின் பச்சை அலமாரி இருக்கிறது, அனுமதி கேட்டு ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வரலாம்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? மாடிக்குப் போனேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். டிசம்பர் குளிரில் அது வெள்ளையாக உறைந்திருந்தது. அதை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். கீழே மூன்று பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள், நான் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருப்பதா? அலமாரிக்கு மேலே என் ஸ்கூட்டருக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரே டப்பா இருந்தது. சிவப்பு மூடி. அதையும், துடைக்கப் பழைய மஞ்சள் சுடிதார்த் துணியில் ஒரு கிழிசலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

டப்பாவின் மூக்கில் மெல்லிய குழாயைச் செருகி அடித்தேன். சுருக்கென்று இறங்கியது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது முயற்சியில் திருகு கீச்சென்று முனகிக்கொண்டு அசைந்தது. கைதட்டினார்கள். உண்மையாகவே கைதட்டினார்கள்.

குழவி மேல் ஒழுகியிருந்ததை மஞ்சள் துணியால் துடைத்து, துணியை அங்கேயே போட்டேன். அக்கா மோந்து பார்த்து, "இந்த ஆயில் சாப்பாட்டுக்குப் பரவால்லியாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாக் கழுவிட்டா ஒண்ணும் ஆகாதுங்க்கா" என்றேன்.

ஆகும் என்று எனக்குத் தெரியும். கருங்கல் வழவழப்பாகத் தெரிந்தாலும் பொத்தல் உள்ளது. குடித்ததை வைத்திருந்து, அரிசியோடு சூடேறும்போது திருப்பித் துப்பும். இதே காரணத்துக்காக ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் டெக்னீஷியன் ஒருவரை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தேன். மாத்திரை அடிக்கிற இயந்திரத்தில் அவசரத்துக்குச் சிவப்பு அலமாரி ஸ்ப்ரேயை அடித்துவிட்டார். "அவசரத்துலே மேடம்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "உங்க அவசரத்துக்கு யாரோ பெத்த குழந்தை மாத்திரை முழுங்கணுமா?" என்று நான் எல்லார் முன்னாலும் கேட்டேன். நல்ல கேள்விதான்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் வேலை செய்கிற அம்மா கிரைண்டரைக் கழுவினார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தெலுங்கு பேசுகிறவர். எங்கள் கட்டிடத்தில் அக்கா வீட்டையும் என் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகளில் பாத்திரம் துலக்கினார், மற்ற நான்கும் அக்கா சொல்லிச் சேர்ந்த வீடுகள். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கீழே குழவியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சீயக்காய்த் தூள் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. மூன்றாவது முறையாகக் கழுவுகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு நேரம் என்று நின்று கேட்டிருக்கலாம். கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் முதல் இட்லியை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"இட்லில என்னமோ பஸ் ஸ்டாண்டு வாசம் அடிக்குது" என்றார்.

நான் ஒரு துண்டைப் பிய்த்து மோந்தேன். எனக்கு அந்த வாசனையைப் பதினோரு வருடமாகத் தெரியும். தட்டை அப்படியே வைத்தேன். அதற்குள் போன் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. குழுவில் ஒருவர் மாவைக் கொட்டிய படத்தைப் போட்டிருந்தார். ஒரு வீட்டில் குழந்தை வாயில் வைத்துத் துப்பியதாம். இன்னொருவர், "இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லையே" என்று எழுதியிருந்தார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

கீழே இறங்கிப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன் என்று தோன்றுகிறது.

அக்கா வீட்டு முற்றத்தில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அன்று கைதட்டிய இரண்டு பேரும் அவர்களில் இல்லை. நடுவில் அந்த அம்மா. அக்காவின் கையில் ஒரு அழுக்குத் துணி இருந்தது, கிரைண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்தாராம். கறுப்பேறிப் போயிருந்தாலும் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. என் சுடிதார். அதில் ஒட்டியிருந்த சின்னப் பூவேலைகூடத் தெரிந்தது.

"இவ முந்தானைல, கையில எல்லாம் இதே நாத்தம்" என்றார் அக்கா. "எங்கியோ வண்டி தொடச்ச துணிய எடுத்தாந்து கல்லைத் தொடச்சிருக்கா."

அந்த அம்மாவின் கைகளில் நாற்றம் இருக்கத்தானே செய்யும். போகாத நாற்றத்தைப் போக்க மூன்று முறை தேய்த்த கைகள் அவை. அவர் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. "நேனு கடகக முந்தே வாசன உன்னதம்மா" என்றார். நான் கழுவுவதற்கு முன்னாலேயே வாசனை இருந்தது என்று. சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நான் கேட்டில் தொங்கிய பால் பையைப் பார்த்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ இன்ஜினியர், நீ சொல்லும்மா. இந்தத் துணியால தொடச்சா மாவுல நாத்தம் ஏறுமா?"

அது நல்ல கேள்வி இல்லை, ஆனால் அதற்கு ஒரு சரியான பதில் இருந்தது. அந்தத் துணி என்னுடையது அக்கா என்று நான்கு சொற்கள். என் வாயில் வந்தது வேறு.

"ஏறலாம்ங்க்கா."

பொய் இல்லை பாருங்கள். ஏறலாம்தான். பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போடுவார்கள். படித்தவர்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, மெய்யில் வேண்டியதை மட்டும் நறுக்கிக் கொடுத்தால் போதும் என்று அன்று கற்றுக்கொண்டேன். அந்த அம்மா இன்னும் ஒரு கணம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மத்தியானம் குழுவில் அக்கா எழுதினார். வேலை செய்கிறவர் எண்ணெய்த் துணியால் கல்லைத் துடைத்துவிட்டார், அவரை நிறுத்திவிட்டேன், கல்லை மாற்றிவிட்டு மறுபடி தொடங்குகிறேன், எல்லோரும் மன்னிக்கவும். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். போடாவிட்டால் யாராவது கவனிப்பார்களோ என்ற பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்காமல் கட்டைவிரலையும் தூக்கியது.

மற்ற மூன்று வீடுகளிலும் அந்த வாரத்திலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை, அவரே என் வீட்டுக்கு வரவில்லை. "அவங்களேதான் நின்னுட்டாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதையும் மெய்யிலிருந்து நறுக்கித்தான் சொன்னேன்.

அக்கா புதுக் குழவிக்கல் வரவழைத்தார். மாவு மறுபடி வந்தது, பழைய மாதிரியே பஞ்சாக இட்லி வந்தது. சனிக்கிழமைகளில் தூக்குப்போசியோடு வீட்டுக்காரரை அனுப்பினேன். மாடிப்படியில் அக்கா எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கி எறியவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

பிப்ரவரியில் எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்தது. இரண்டு அலமாரிகளைப் பற்றி நான் பேச வேண்டும். அந்த வகுப்பில் நான் போட்ட விதி ஒன்று உண்டு. தப்புச் செய்தவர் தானே எழுந்து, தான் செய்ததைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மனதில் பதியும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடி வாங்கிய விதி. நான் நிறுத்தி வைத்த அந்த டெக்னீஷியன் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த இயந்திரம், எந்த நேரம், எந்த டப்பா, ஏன் அவசரப்பட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யார் மேலும் பழி போடவில்லை. வெளிச்சம் சரியில்லை என்றுகூடச் சொல்லவில்லை. முடித்துவிட்டு, "மேடம் அன்னைக்கு நிறுத்தலேன்னா எனக்கு இது புரிஞ்சிருக்காது" என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் நான் பேசுவதற்காகத் திரும்பினார்கள். தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அன்று அந்த வகுப்பில் என்ன பேசினேன் என்று இன்று வரை எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த மஞ்சத் துணி என்னோடதுங்க. வாசம் நான் அடிச்ச ஸ்ப்ரேயால வந்ததுங்க. அந்தம்மா ஒண்ணும் பண்ணலைங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை. முறத்தை ஒரு முறை குலுக்கி, ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்க தெரியும்?"

"நீ அந்தத் துணியோட படியில எறங்கி வந்தத நான்தானே பாத்தேன். அரைக்கிறப்பவே லேசா நாத்தம் வந்துச்சு. முப்பது வூடு காத்துக்கினு இருக்குது, போயிடும் போயிடும்னு நானே அனுப்பிட்டேன். அன்னைக்கு எல்லாம் வந்து நின்னு கேக்குறாங்க, நான் யாரைச் சொல்றது? உன்னைச் சொன்னா நீ மேல இருந்து எறங்க மாட்டே. என்னைச் சொன்னா மாவு நின்னுடும்." உளுந்திலிருந்து இன்னொரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். "நீயாவது இல்லைன்னு சொல்லுவேன்னுதான் உன்னைக் கேட்டேன்."

அதாவது, பாரத்தை அவர் என் தலையில் இறக்கினார், நான் அந்த அம்மாவின் தலையில் இறக்கினேன். இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறோம். ஒளித்து வைத்திருக்கிறேன் என்று இரண்டு மாதமாக மாடிப்படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேனே, அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவரும் இருந்திருக்கிறார்.

"அவங்களைத் திரும்பக் கூப்பிடலாங்க்கா" என்றேன்.

"என்னான்னு கூப்பிடறது? நக்கோம்மா, வேணாம், எனக்கு அந்த முகம் இல்ல." முறத்தைக் கீழே வைத்தார். "போவன்பள்ளி மார்க்கெட்டுல வெங்காயம் பொறுக்குறாளாம். பால்காரர் சொன்னாரு."

அடுத்த ஞாயிறு காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போனேன். லாரிகள், மூட்டைகள், காலடியில் வழுக்குகிற கோஸ் இலைகள். அரை மணி நேரம் தேடிய பிறகு ஒரு கொட்டகையின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு அவரைக் கண்டேன். எதிரே வெங்காயக் குவியல். அழுகினதை இடது பக்கம், நல்லதை வலது பக்கம் வீசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி வீசத் தொடங்கியது.

எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். துணி என்னுடையது, எண்ணெய் நான் அடித்தது, அன்று வாய் திறக்காமல் நின்றது தப்பு, மன்னித்துவிடுங்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நான்கைந்து வெங்காயம் போயின.

"ஈட எந்துக்கு செப்துன்னரு மேடம்?" என்றார். "ஆட செப்பாலெ."

இங்கே எதற்குச் சொல்கிறீர்கள், அங்கே சொல்ல வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் மாறி வந்தவர்களுக்கு வழி சொல்கிற குரல்தான். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் வாக்கியங்களைக் கட்டினேன், கலைத்தேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே மாவுக் குழுவில் எழுதினேன். டிசம்பரில் மாவு கெட்டதற்குக் காரணம் நான். சாப்பாட்டுச் சாமானுக்குப் போடக்கூடாத எண்ணெயைத் தெரிந்தே போட்டேன். வேலை செய்த அம்மா அதைக் கழுவ மட்டும்தான் பார்த்தார். அவர் மேல் பழி விழுந்தபோது நான் பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான். உறைந்த தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அழித்தேன். அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். இனிமேல் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, முப்பது வீடும் என்னைக் காறித் துப்பப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

பதில்கள் வந்தன. "பரவாயில்லைங்க மேடம், அவசரத்தில் யாருக்கும் நடக்கிறதுதான்." "அக்காவுக்கு உதவி செய்யப் போய்த்தானே நடந்தது." "இதைச் சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும்." அந்தப் பெரிய மனசுக்குக் கீழே எட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் பூங்கொத்துப் போட்டிருந்தார். ஒருவர், என் வீட்டுக் குழாய்த் திருகு ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டிருந்தார். திட்டுவார்கள் என்று பயந்ததைவிட இது ஆயிரம் மடங்கு கூசியது. அக்கா எதுவும் எழுதவில்லை. படித்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த அம்மாவிடம் அப்படிப்பட்ட போன் கிடையாது. அதனால் அடுத்த ஞாயிறும் போவன்பள்ளிக்குப் போனேன். அதே கொட்டகை, அதே குவியல். இந்த முறை நான் நிற்கவில்லை, ஒரு காலி மூட்டையின் மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேயே சொல்லிவிட்டேன், எல்லா வீட்டுக்கும் தெரியும்படி எழுதிவிட்டேன் என்றேன். போனை எடுத்து நான் எழுதியதைத் தெலுங்கில் மாற்றிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். முதல் முறையாகக் கையை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"வாள்ளு ஏமன்னரு?" என்று கேட்டார். அவர்கள் என்ன சொன்னார்கள்?

பரவாயில்லை என்று சொன்னார்கள் என்றேன். யாருக்கும் நடக்கிறதுதான் என்று சொன்னார்கள்.

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யாதவர் மாதிரி. பிறகு கேட்டார்.

"நா குரிஞ்சி ஏமன்னரு?"

என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?

நான் போனைத் திறந்து மேலிருந்து கீழ் வரைக்கும் மறுபடி ஒரு முறை தேடினேன். அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.